திட்டுக்கோட்டை மாடம்

திட்டுக்கோட்டையப் பாக்க வர்றவுகளுக்கு ஒரு வியாதி உண்டு. வள்ளத்துல கால் வைக்குறதுக்கு முன்னாடியே யாரு கட்டுனது, எந்த ராசா, எத்தன வருசமாச்சுன்னு ஆரம்பிச்சுருவாக. கேக்குறதெல்லாம் அம்பலகாரர் வீட்டு ஆம்பளைகளத்தான். ஒருத்தன் தஞ்சாவூரு ராசாம்பான், ஒருத்தன் சேதுபதிம்பான், இன்னொருத்தன் பரங்கிக்காரன் கட்டுனதும்பான். வந்தவுகள விட்டுட்டு இவனுக மூணு பேரும் சண்டை போட்டுக்கிருவானுக. நான் இங்கிட்டு மணல்ல மீனக் காய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்தக் கோட்டைக்குள்ள என்னயவிட அதிக நேரம் இருந்தவ இன்னைக்கு உசுரோட யாரும் கெடையாது. ஆனா என்னய ஒரு பயலும் கேட்டதில்ல.

கேட்டாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியாது. அலுத்துப்போச்சு. என்னமோ நீங்க கேட்டுட்டீங்க, அந்தப் பாயில உக்காருங்க. காக்காய மட்டும் வெரட்டிக்கிட்டே இருங்க.

எங்க ஊரு கட்டுமாவடிக்கும் மணமேல்குடிக்கும் நடுவுல கெடக்கு. இங்கேருந்து கெழக்க பாத்தா அந்தா தெரியுதுல்ல மணல் திட்டு, அதுமேல கோட்டை. கடலுக்குள்ள இருந்த பவளப்பாறைய வெட்டித் தோணியில ஏத்திக் கட்டுனது. அந்தப் பாறை தண்ணிக்குள்ள இருக்குறப்ப கத்திக்கு வெட்டுப்படும், வெயில்ல கெடந்தா இறுகிரும். சிப்பியச் சுட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணிய ஊத்தி அரைச்ச சுண்ணாம்பு. அந்தச் சிப்பியச் சுட்டவுக எங்க வீட்டு முன்னோருக. இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்ல.

தகராறு வடகெழக்கு மூலையில. வாடைக்காத்து நேரா வந்து மோதுற எடம் அது. கட்டுன செவரு மறு வாடைக்கு விழுந்துச்சாம். மறுபடி கட்டுனாகளாம், மறுபடியும் விழுந்துச்சாம். கடலு ஆள் கேக்குதுன்னு எவனோ சொல்லியிருக்கான். அப்படிச் சொல்றதுக்குன்னே எல்லாக் காலத்துலயும் ஒருத்தன் இருப்பான் போல. எங்க வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணு ஒருத்தி இருந்திருக்கா. அவள நிக்க வச்சு, சுத்திக் கல்லு அடுக்கிச் செவரு எழுப்பிட்டாகளாம். அப்புறம் செவரு விழவே இல்லையாம். அவ பேரு என்னன்னு நான் சின்னப் பிள்ளையில கேட்டிருக்கேன். ஒருத்தருக்கும் தெரியல. கோட்டைப்பொண்ணும்பாக, அம்புட்டுதான்.

அதுக்குப் பதிலா ஊரு எங்க வீட்டுக்கு மொத மரியாதை குடுத்துச்சு. கோயில்ல மொதத் தேங்கா மூடி, மொதத் திருநீறு. கூடவே ஒரு வேலையும் குடுத்துச்சு. வருசா வருசம் வாடை பொறக்குறதுக்கு முன்னாடி, புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கெழமை, எங்க வீட்டுப் பொம்பள ஒருத்தி பச்சத்தண்ணி குடிக்காம வள்ளத்துல போகணும். அந்த மூலைச் செவத்துல ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு மாடம் இருந்துச்சு. அதுல உக்காரணும். மாடத்து வாயில கல்லு அடுக்கிச் சுண்ணாம்பு பூசி அடைச்சுருவாக. மூக்குக்கு நேரா ஒரு ஓட்டை விடுவாக. பொழுது சாயுறப்ப வந்து கல்ல எடுப்பாக. செவத்துக்குள்ள நிக்கிற கோட்டைப்பொண்ணுக்குத் தொணையா நீ இருக்கேன்னு சொல்லுவாக. உள்ள இருக்குறவளுக்கு இன்னொருத்தி தொணை, சரி. எனக்கு யாரு தொணைன்னு எவனும் யோசிச்சதில்ல.

அதுக்கும் மேல ஒரு கட்டு. மாடத்துல ஒரு தரம் உக்காந்துட்டா, கோட்டை கண்ணுக்குத் தெரியாத எடத்துல அவ ராத் தங்கக் கூடாது. அதனால அந்த நாள்ல நான் புதுக்கோட்டையக்கூடப் பாத்ததில்ல. எங்க வீட்டுக்கு மாப்பிள்ளைகதான் வீட்டோட வருவாக. எனக்கு வந்தவரு பிச்சைமுத்துன்னு பேரு. நல்ல மனுசன்தான். பொண்டாட்டியச் செவத்துக்குள்ள வச்சுப் பூசுறத மூணு நாலு தரம் பாத்தாரு. அதுக்கப்புறம் கொழும்புக்குப் போறேன்னு போனாரு, போனவரு போனவருதான். நான் அவரத் திட்டுனதில்ல. கட்டு இல்லாம இருந்திருந்தா நானும் போயிருப்பேன்.

எனக்கு ஒரே மக, அமராவதி. எனக்குச் சுண்ணாம்பு நெஞ்சுல எறங்கி இளைப்பு வந்துருச்சு. ஒரு வருசம் கல்ல எடுக்குறப்ப நான் மயங்கிக் கெடந்தேன். அப்பவே பெரியண்ணன் அம்பலகாரர் சொல்லிட்டாரு. அவருதான் ஊருக்குப் பெரியவரு, எனக்கு மாமா மொறை.

"அழகம்மா, ஒனக்கு ஒடம்பு தாங்கலத்தா. அடுத்த வருசம் அமராவதி உக்காரட்டும்."

என்னமோ என்மேல பாசம் பொங்குற மாதிரி சொன்னாரு.  அமராவதி வாயாடி. ஒரு எடத்துல உக்காந்து சோறு திங்க மாட்டா. அவளக் கொண்டுபோயி அங்க உக்கார வைக்கவா பெத்தேன்?

அவ உக்கார வேண்டிய அந்த வருசந்தான் கவர்மெண்டு திட்டுக்கோட்டையில வெளக்கு வைக்கப் போறதா ஆளுக வந்தாக. வெள்ளக்காரன் போயி பத்து வருசம் ஆகப்போற நேரம். படகுக பாறையில மோதாம இருக்கத் தூணு கட்டி, மேல வெளக்கு. ஓவர்சியர் ஒருத்தரு வந்தாரு. வேலைக்கு அன்னவாசல்லேருந்து உடையப்பன் கொத்தனாரு தன் ஆளுகளோட வந்தாரு. கடலையே பாக்காத சனம். மொத நாளு வள்ளத்துல போனப்ப அம்புட்டுப் பேரும் வாந்தி எடுத்தாக. ஜைனுதீன் பாய் வள்ளந்தான். அவரு வள்ளத்தக் கழுவிக் கழுவியே இடுப்பு ஒடிஞ்சு போனதா இன்னமும் சொல்லுவாரு.

அவுகளுக்குச் சோறு பொங்கிக் குடுத்தது நானும் அமராவதியும். உடையப்பன் கொத்தனாரு அவளப் பாத்துட்டு, தன் தங்கச்சி முனியாயியப் பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாரு. முனியாயி மகன் நாகராசுக்கு அன்னவாசல்ல மிசின் வச்ச அரிசி மில்லுல வேலை. தூரத்துச் சொந்தம்னும் வந்துச்சு. முனியாயி பஸ் மாறி மாறி வந்து எறங்குனா. அமராவதியப் பாத்ததும் புடிச்சுப் போச்சு. கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அப்புறம் யாரோ மாடத்து விசயத்தச் சொல்லிட்டாக.

"இதென்ன கூத்தா இருக்கு? மருமகள வருசத்துக்கு ஒரு தடவ செவத்துல வச்சுப் பூசுறதுக்கா நான் பொண்ணு எடுக்குறேன்? எங்க ஊர்ல பாறை கெடக்கு, பாறைக்குள்ள பொம்பள கெடையாது," அப்படின்னா. நியாயந்தானே? எனக்கு அவ வாயப் புடிச்சு முத்தம் குடுக்கணும் போல இருந்துச்சு. "இந்தச் சடங்கு நிக்கட்டும், ஐப்பசியில வந்து பூ வச்சுக் கூட்டிட்டுப் போறேன். நின்னாத்தான்," அப்படின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

எனக்கு அப்பலேருந்து ஒரே நெனப்பு. எப்படியாச்சும் புரட்டாசிக்கு முன்னாடி இது நிக்கணும்.

ஆவணியில ஒரு வழி பொறந்துச்சு. தூணு போட அந்த மூலைதான் தோதுன்னு ஓவர்சியர் சொல்லிட்டாரு. மாடத்துக்குப் பின்னாடி இருக்குற செவத்த உள்ள வரைக்கும் பொளந்து, ஜல்லியும் சிமிட்டியும் கலந்து ஊத்தணுமாம். ஊரே கெளம்பிருச்சு. பொண்ணு நிக்கிற செவரு, அதுல கடப்பாரை போடவா? அம்பலகாரரு அறந்தாங்கிக்கும் தஞ்சாவூருக்கும் நடையா நடந்தாரு. அங்க யாரும் மசியல. கடைசியில கோயில் வாசல்ல கூட்டம் போட்டாக.

நான் கூட்டத்துல பேசுனதே கெடையாது. அன்னைக்குப் பேசுனேன். "மாமா, எப்படியும் பொளக்கத்தான் போறாக. உள்ள இருக்குறவள நம்மளே எடுத்துக் கரைக்குக் கொண்டு வந்து, மொறையா அடக்கிருவோம். அவளுக்கும் விடுதலை. அவ வெளிய வந்துட்டா அப்புறம் மாடத்துல யாருக்குத் தொணை இருக்குறது?"

அம்பலகாரரு மீசையத் தடவிக்கிட்டாரு. அப்புறம் எல்லாரும் கேக்கச் சொன்னாரு. "பொண்ண எடுத்துக் கரையில அடக்கிட்டா, அதோட சரி. ஒங்க வீட்டுல யாரும் போயி உக்கார வேண்டியதில்ல."

அன்னைக்கு நான் நல்லாச் சாப்புட்டேன்.

செவத்தப் பொளக்குற அன்னைக்கு என்னய வரச் சொன்னாக. எலும்ப வாங்குறதுக்கு எங்க வீட்டு ஆளுதான் வேணுமாம். கோடிச் சேலை ஒண்ணு, மஞ்சள், பன்னீரு எல்லாம் எடுத்துக்கிட்டேன். அமராவதியக் கரையில விட்டுட்டுப் போனேன். வள்ளத்துல அம்பலகாரரு, ஓவர்சியரு, ஜைனுதீன் பாய். கொத்தனாரும் ஆளுகளும் முன்னாடியே போயி வேலைய ஆரம்பிச்சுட்டாக.

பழைய சுண்ணாம்பு லேசுல விடல. கடப்பாரை துள்ளுது. கல்லு பேரமாட்டேங்குது. சிப்பி சுட்ட எங்க தாத்தன் பாட்டன் எல்லாரையும் உடையப்பன் கொத்தனாரு வாய்க்கு வந்தபடி திட்டுறாரு. எனக்குச் சிரிப்பும் வருது, படபடப்பும் வருது. மாடத்துப் பின் செவரு பேந்துச்சு. நான் சேலைய விரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுக்குப் பின்னாடி கல்லு. அதையும் பேத்தாக. அதுக்குப் பின்னாடியும் கல்லு. மூலை முழுக்க அந்தக் கடைசி வரைக்கும் பொளந்தாச்சு. பாறையும் சுண்ணாம்பும், சுண்ணாம்பும் பாறையும். ஒரு ஆளு நிக்கிறதுக்கு எடமே கெடையாது. ஒரு எலும்பு, ஒரு வளையல் துண்டு, ஒண்ணுமில்ல.

"ஆளு யாரும் இல்லீங்க," கொத்தனாரு வேர்வையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "எடுத்து அப்புறம் பூசுன மாதிரியும் தெரியல. ஒரே கட்டாக் கட்டுன செவரு."

எனக்கு வந்த கோவத்த என்ன சொல்ல? அத்தன வருசமா அந்தச் செவத்துல முதுகச் சாச்சுக்கிட்டு அவகிட்ட எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா? வீட்டுக்காரரு போனத அவகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். அமராவதி வயித்துல தங்குனத அவகிட்டத்தான் சொன்னேன். அவ ஒருத்திதான் பாவம் கேட்டுக்கிறான்னு நெனச்சேன். கல்லுகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன். ஆத்திரத்துல சேலையச் சுருட்டிக் கீழ போட்டேன்.

கோவம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பாடான்னும் இருந்துச்சு. ஆளே இல்ல, இனி என்ன சடங்கு?

அம்பலகாரரு பொளந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.  அப்புறம் திரும்பி என்னயக் கையெடுத்துக் கும்புட்டாரு. 

"அழகம்மா, இப்பத்தான் எனக்குப் புரியுது. உள்ள யாருமே இல்ல. அப்ப இம்புட்டு நாளு இந்தச் செவரு எப்படி நின்னுச்சு? ஒங்க வீட்டுப் பொம்பளைக வந்து உக்காந்ததாலதான் நின்னுருக்கு. நீங்கதாந்தா கோட்டைப்பொண்ணு. இத நிறுத்தலாம்னு சொன்னேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"மாமா, நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

"பொண்ண எடுத்து அடக்கிட்டா நிறுத்தலாம்னேன். பொண்ணுதான் கெடைக்கலியே."

இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? எலும்பு இருந்தா அதுக்காக உக்காரணும், எலும்பு இல்லேன்னா இல்லாததுக்காக உக்காரணும். மனுசன் மனசறிஞ்சு கெட்டவரும் இல்ல. கண்ணுல தண்ணி தேங்கி நிக்குது. உண்மையிலேயே அப்படித்தான் நம்புறாரு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

அவரு நேரா ஓவர்சியருகிட்டப் போனாரு. "சார், நீங்க தூணு போடுங்க, வெளக்கு வைங்க, நாங்க தடுக்கல. மாடம் மட்டும் வேணும். ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு விட்டு ஊத்துங்க."

ஓவர்சியரு நல்ல மனுசன். காலையில வெயிலுக்கு எனக்குக் கொடை குடுத்தவரு. "அதுக்கென்ன பெரியவரே? ஜனங்க நம்பிக்கைய நாம ஏன் கெடுக்கணும்? பலகை வச்சு அடைச்சுச் சுத்தி ஊத்திட்டாப் போச்சு. சிமிட்டில மாடம் இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கும், நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது," அப்படின்னாரு.

நூறு வருசம். அமராவதி, அவ மக, அவ பேத்தி. 

வாடை நெருங்குறதால பொளந்த செவத்த அன்னைக்கே அடைக்கணும். ஆளுக ஜல்லியையும் சிமிட்டியையும் தண்ணி ஊத்திக் கலக்க ஆரம்பிச்சுட்டாக. கொத்தனாரு பலகைய எடுத்துக்கிட்டு வந்தாரு. மொகத்துல அருளே இல்ல. அவரு தங்கச்சி மகன் கல்யாணமுந்தானே போகுது.

"எம்புட்டு ஒசரத்துக்கு விடணும்?"

"அமராவதி இவ ஒசரந்தான்," அம்பலகாரரு சொன்னாரு. "நீ போயி உக்காருத்தா. அளவு எடுத்துக்கிறட்டும்."

நான் போயி உக்காந்தேன். வழக்கமா உக்கார்ற எடந்தான், காலு தானா மடங்குச்சு. கொத்தனாரு என் தலைக்கு மேல குச்சிய வச்சு, தோளுக்கு ரெண்டு பக்கமும் வச்சு அளந்தாரு. "சரி, எந்திரிங்க," அப்படின்னாரு.

நான் எந்திரிக்கல.

திட்டம் போட்டுச் செஞ்சதா நெனைக்காதீங்க. எனக்குத் தெம்பே இல்ல. எந்திரிச்சா அடுத்து அமராவதி உக்காரணும். நான் எந்திரிக்காட்டி அவ உக்கார முடியாது. அம்புட்டுதான் தோணுச்சு.

"என்னத்தா, எந்திரி," அம்பலகாரரு சொன்னாரு.

"மாட்டேன் மாமா. மாடம் விடுறதா இருந்தா என்னய வச்சே ஊத்துங்க. செவத்துக்கு ஆளுதானே வேணும்? நான் இருக்கேன்ல. முழுசா ஊத்துறதா இருந்தாச் சொல்லுங்க, எந்திரிச்சு வாரேன். இனிமே ஒருத்தி உக்கார இங்க எடம் இருக்கக் கூடாது."

"கிறுக்குப் புடிச்சுருச்சா ஒனக்கு?"

"இன்னைக்குத்தான் தெளிஞ்சிருக்கு."

ஓவர்சியரு ஓடி வந்தாரு. "அம்மா, இது கவர்மெண்ட்டு வேலைம்மா, எந்திரிங்கம்மா."  ரெண்டு ஆளுகளத் தூக்கச் சொன்னாரு. அன்னவாசல் பயலுக ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னானுக. ஒருத்தனும் கிட்ட வரல.

உடையப்பன் கொத்தனாரு திடீர்னு போட்டாரு பாருங்க ஒரு சத்தம். "சார், தண்ணி ஊத்திக் கலந்தாச்சு! இது நம்ம பஞ்சாயத்து முடியுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. இறுகிச்சுன்னா அம்புட்டையும் கடல்லதான் கொட்டணும். இருக்குற சிமிட்டி இம்புட்டுதான். மாடமா, முழுசா, ஒண்ணச் சொல்லுங்க!"

ஓவர்சியருக்கு வேர்த்துருச்சு. அம்பலகாரரப் பாக்குறாரு, கலவையப் பாக்குறாரு.

"ஒங்க வீட்டு மரியாதை போயிரும் அழகம்மா," அம்பலகாரரு கடைசியாச் சொல்லிப் பாத்தாரு. "செவரு விழுந்தா ஊரே ஒன்னயத்தான் சொல்லும்."

"சொல்லட்டும் மாமா. விழுந்தா விழட்டும், கல்லுதானே. அந்தத் தேங்கா மூடிய வேற யாருக்காச்சும் குடுங்க."

ஜைனுதீன் பாய் கிட்ட வந்தாரு. மெதுவா அம்பலகாரரு கையப் புடிச்சு, "விட்டுருங்க அம்பலம். அந்தப் பிள்ளைக்கு முடியலைங்க, பாத்தாத் தெரியலையா?" அப்படின்னாரு.

 அம்பலகாரரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வள்ளத்தப் பாத்து நடந்துட்டாரு. அதுக்காகவே காத்திருந்த மாதிரி ஓவர்சியரு கத்துனாரு. "முழுசா ஊத்துங்கய்யா! மாடமும் வேணாம் ஒண்ணும் வேணாம்!"

எனக்குக் காலு மரத்துப்போச்சு. கொத்தனாருதான் கையக் குடுத்துத் தூக்கி விட்டாரு. நான் ஓரமா நின்னு கடைசிச் சட்டி ஊத்துற வரைக்கும் பாத்தேன். பாத்தாத்தான் நம்புவேன்.

 திரும்பி வர்றப்ப வள்ளத்துல அம்பலகாரரு எனக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தாரு. கரையில அமராவதி இடுப்பளவு தண்ணியில எறங்கி நின்னா. எலும்ப எதிர்பாத்து மஞ்சத்தண்ணி கரைச்சு வச்சிருக்கா. அவளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து, உக்கார வச்சு, எல்லாத்தையும் சொன்னேன். அன்னவாசலுக்குப் போகலாம், எங்க வேணாலும் ராத் தங்கலாம்னு சொன்னேன்.

அவ சிரிச்சா. என்னயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஆடுனா. அப்புறம் சட்டுனு நிறுத்திட்டா.

"ஆத்தா, எந்திரிக்க மாட்டேன்னதுக்கே விட்டுட்டாகளா?"

"ஆமா."

"இம்புட்டுதானா? அப்ப ஒனக்காக அம்மாயி ஏன் எந்திரிக்காம உக்காரல?"

அவ என்னயக் குத்திக் காட்டணும்னு கேக்கல. தெரியாமத்தான் கேட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க அழுகை, பிச்சைமுத்து போனப்பக்கூட அப்படி அழுகல. என்னய மொத மொதல்ல மாடத்துல வச்சப்ப எங்க ஆத்தா வெளியதான் நின்னா. பூசுறவனுக்கு ஒவ்வொரு கல்லா எடுத்துக் குடுத்ததே அவதான். அழுதுக்கிட்டேதான் குடுத்தா. ஆனாலும் குடுத்தா. அவளுக்கு அவ ஆத்தா குடுத்திருப்பா.